ஒற்றைக்கண்ணியின் முதுகு

எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் அக்கா முதலில் திருப்பித்தான் பார்க்கிறார். கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, நான் நீட்டிய முகவரி அட்டை, எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். பின்பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவுவார், உதட்டைப் பிதுக்குவார், "தட்டை" என்று திருப்பித் தந்துவிடுவார். என் அட்டையும் தட்டைதான்.

தெருவில் அவருக்குப் பல்செட் அக்கா என்று பெயர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புகிற வாய்களுக்கெல்லாம் பல் கட்டிக் கொடுப்பது தொழில். மேசை நிறைய வெள்ளைத் தாடைகள் ஆவென்று பிளந்து கிடக்கும். பக்கத்து ஷட்டர் அவர் கணவரின் சலவைக் கடை. பல்லோ சட்டையோ, ஊர்க்காரர்கள் வெளியில் காட்டுவதெல்லாம் இந்த ஒரு கட்டடத்தில்தான் தயாராகிறது.

மாடியில் இருப்பது வேறு உலகம். பழைய ரூபாய் நோட்டுச் சேர்ப்பவர் என்று சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். "நோட்டு எல்லார் கையிலயும்தான் சுத்துது. அது பொறக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு, அதுதான் எனக்கு வேணும்." அதாவது, நோட்டுக்கென்று எஃகுத் தகட்டில் செதுக்கிய முகங்களின் சோதனைப் பிரதிகள், பங்குப் பத்திரங்களின் ஓரச் சித்திரங்கள், செல்லாது என்று காட்ட ஓட்டை போட்டுவிட்ட நோட்டு மாதிரிகள். வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் ஒரு யானை தெரிகிற வெற்றுக் காகிதம்கூட ஒன்று உண்டு. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அவர் பேச்சு அவரையே முந்திக்கொண்டு ஓடுகிறது.

"தகட்டுல கோட்டைக் குழியா வெட்டுவாங்க. குழிக்குள்ள மை. மேல ஈரக் காகிதத்தை வச்சு ஒரே அழுத்து. காகிதம் குழிக்குள்ள போய் மையை வாரிக்கிட்டு வரும். அதான் முன்னால மேடு, பின்னால பள்ளம். படம் எடுத்து அச்சடிச்சா இந்தப் பள்ளம் வருமா? வரவே வராது." இதைச் சொல்லும்போது பல்லுக்கான மெழுகைத் தட்டி ஒரு தகடே செய்து காட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த தாடை பல்லுக்காகக் காத்திருந்தது.

சேகரிப்பின் ராணிக்கு ஒற்றைக்கண்ணி என்று பெயர். வெளிவராமலே போன ஒரு நோட்டுக்காகச் செதுக்கப்பட்ட பெண் முகம். செதுக்கியவர் ஒரு கண்ணை முடித்துவிட்டு, சரியாக வருகிறதா என்று பார்க்க இரண்டோ மூன்றோ பிரதிகள் எடுத்திருக்கிறார். மறு கண் இருக்க வேண்டிய இடம் வெறுமை. முழு முகம் பிடிக்காதா என்று கேட்டேன். "நான் தினம் பாக்கறதே பாதி வாய்தானே. பாதியில நிக்கற முகம்தான் நமக்குச் சொந்தம்."

அந்த ராணியின் மூலையில் ஒரு மடிப்பு இருந்தது. மடிப்பைக் கண்டால் கணவருக்குக் கை நிற்காது. போன வருடம், மனைவியை மகிழ்விக்க நினைத்து, அதை எடுத்துப்போய்த் தேய்த்துவிட்டார். "ஈரத்துணி போட்டுத்தாம்மா தேய்ச்சேன். கொஞ்சம்கூடக் கருகல பாரு" என்று பெருமையோடு நீட்டினாராம். கருகவில்லைதான். மேடும் பள்ளமும் போய், ராணி ஜெராக்ஸ் போலக் கிடந்தாள். அக்கா திட்டவில்லை. அன்று முதல் மாடி அறைக்குள் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று ஒரு சட்டம் மட்டும் போட்டார். மனிதர் இன்றுவரை மீறியதில்லை. அறையில் கொசு கடித்தால்கூடத் தோளால்தான் விரட்டுகிறார்.

இன்னொரு ஒற்றைக்கண்ணி சேகரிப்பாளர் சந்தைக்கு வருகிறாள் என்று செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, அக்காவோடும் கணவரோடும் நானும் போனேன். பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் நூறு மேசைகள், தள்ளுமுள்ளு. வியாபாரி அவளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டியிருந்தார். பிரிக்கக் கூடாது, விலைக்கும் இல்லை, மாற்றுக்கு மட்டும்தான் என்றார். கேட்ட மாற்று, அக்கா பதினைந்து வருடம் சேர்த்த காசோலைச் சித்திர ஆல்பம். பழைய காசோலைகளில் முடியிழை தடிமனில் கோடு பின்னி அச்சிட்ட சக்கரப் பூக்கள். அது அவர் பைக்குள்தான் இருந்தது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற கண்ணாடிக்கடைக்காரர் இதே பொருள்களைச் சேர்க்கிற பழைய போட்டியாளர். "நகல்மாதிரி தெரியுதும்மா. ஏமாந்துறாதீங்க" என்று கரிசனமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, தன் ஆல்பத்தை எடுத்துவரக் காருக்குக் கிட்டத்தட்ட ஓடினார்.

"நகலுக்கு யாருங்க இவ்ளோ வேகமா ஓடுவாங்க?" என்று கணவர் என்னிடம் முணுமுணுத்தார்.

அக்கா அதற்குள் உறையைத் திருப்பி, வாய்க்குள் பார்க்க வைத்திருக்கும் பேனா டார்ச்சைச் சாய்த்து அடித்துக்கொண்டிருந்தார். காகிதத்தின் முதுகில், கன்னத்துக்கு நேராக, நிழல் கோடு கோடாய் விழுந்தது. பள்ளம். அரங்கின் வாசலில் கண்ணாடிக்கடைக்காரரின் தலை தெரிந்தது. அக்கா பையைத் திறந்து ஆல்பத்தை மேசைமேல் வைத்தார். ஒருமுறைகூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

மூச்சிரைக்க வந்தவரிடம், "நகல்தான், நானே எடுத்துக்கிட்டேன். உங்களுக்கெதுக்கு வீண் கஷ்டம்" என்றார். அவர் சிரித்துவிட்டார். வேறு வழியில்லை.

திரும்பும் வழியெல்லாம் அக்கா பேசிக்கொண்டே வந்தார். மாடிக்கு ஏறியதும் நேராக மேசைக்குப் போனார். உறையைப் பிரித்து ஒற்றைக்கண்ணியைக் கவிழ்த்துப் போட்டார். முதுகைத் தடவினார். கண்ணை மூடி இன்னொரு முறை தடவினார். கதவோரம் கணவர் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏங்க, இங்க வாங்க."

வந்தார். அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு, கோத்திருந்த விரல்களைப் பிரித்து, வலக்கையை முன்னால் கொண்டுவந்தார். இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கட்டைவிரலைத் தன் சேலைத் தலைப்பில் ஒருமுறை துடைத்துவிட்டு, காகிதத்தின்மேல், கன்னத்துப் பள்ளத்தில், பூவை வைப்பதுபோல வைத்தார்.