பட்டா இல்லாத தண்ணீர்

அமெரிக்காவில், வெர்மான்ட்டில் என் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு காடு. ஒரு சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் மரத்துக்கு மரம் ஆரஞ்சு ரிப்பன். எண்ணூர்க்காரனுக்கு இதற்கு விளக்கம் வேண்டுமா? எங்கள் ஆற்றங்கரையில் ஒருநாள் ரிப்பன் கட்டிய கம்பு நிற்கும், அடுத்து மண் லாரி வரும், அப்புறம் சுவர். அளக்க வந்தவன் தலை மறைந்ததும் நாங்கள் கம்பைப் பிடுங்கி எறிந்துவிடுவோம். அந்தப் பழக்கதோஷத்தில் இங்கேயும் கைக்கு எட்டிய ரிப்பனையெல்லாம் அவிழ்த்துக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டேன். பெரிய போராளி என்ற நினைப்பு வேறு.

மறுவாரம் ஹெலன் வந்து கதவைத் தட்டினார். ரிட்டயர் ஆன டீச்சர், இந்த ஊர்க் காடு கழனியைக் காக்கும் லேண்ட் டிரஸ்டில் இருக்கிறார். ரிப்பன் கட்டியதே அவர்கள்தானாம், எல்லை தெரிவதற்காக. காடோ பண்ணையோ வைத்திருப்பவர் அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். நிலம் அவரிடமே இருக்கும். ஆனால் நாளைக்கு விலைக்கு வாங்குகிறவன்கூட அதில் ஒரு கட்டடம் எழுப்ப முடியாது. அசடு வழிய ரிப்பன்களைத் திருப்பிக் கொடுத்தேன். ஏன் அவிழ்த்தீர்கள் என்று கேட்டார். "காட்டைக் காப்பாற்றத்தான்" என்றேன். ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். அதிலிருந்து சனிக்கிழமைகளில் நானும் அவர்களோடு எல்லை சுற்றிப் பார்க்கப் போகிறேன்.

இதையெல்லாம் எண்ணூரில் மீன்பிடிக்கும் தம்பி சேகரிடம் போனில் சொன்னேன். சின்ன வயதில் அம்மாவோடு நாங்கள் இருவரும் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் இறால் தடவுவோம். அம்மா அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தாள். அந்த இடத்தில்தான் ஏதோ ஒரு கம்பெனி மண் கொட்டிக்கொண்டிருந்தது.

"ணா, அந்த டீச்சரம்மாவ கேளேன். நம்ம ஆத்தயும் எய்தி வாங்கிக்க சொல்லு. பாதி தூத்துட்டானுங்கணா" என்றான். அப்படியொரு நம்பிக்கை அவன் குரலில். எனக்கும் அது தொற்றிக்கொள்ள, வெட்கத்தை விட்டு ஹெலனிடம் கேட்டேன்.

"நிலம் யாருடையது?" என்றார்.

"யாருடையதும் இல்லை. எல்லாரும் இறால் பிடிப்போம்."

"அப்படியானால் யார் எழுதிக் கொடுப்பது?"

தண்ணீருக்கு எவன் பட்டா வாங்கி வைத்திருக்கிறான்? தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட ஆறு, ஒரு சென்ட்கூட எங்கள் பேரில் இல்லை. ஹெலன் மேல் தப்பில்லை, பாவம். நிஜமாகவே வருத்தப்பட்டார், காபி கொடுத்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. சொத்து இருக்கிறவனுக்குத் துணை நிற்க எத்தனை நல்லவர்கள்! இல்லாதவனுக்கு ஏன் என்று கேட்க நாதியில்லை.

போன மாதம் சேகர் கூப்பிட்டான். செக்யூரிட்டி வேலை கிடைத்துவிட்டதாம். எங்கே என்றேன். தூர்த்த இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருக்கிறார்களே, அதன் கேட்டில்.

"இன்னா வேலன்றியா? நம்மாளுங்க வலய தூக்கினு உள்ள வந்துடக் கூடாதாம். அத்த பாத்துக்கணும்."

திட்ட வாய் வரவில்லை. ஆறு போன பிறகு அவன் பிள்ளைகளுக்குச் சோறு நானா போடுகிறேன்? இங்கே நான் யாருடைய காட்டுக்கோ சம்பளமில்லாத காவல்; அங்கே அவன் எங்கள் ஆற்றுக்கே சம்பளத்துக்குக் காவல்.

"நான் வந்தா உள்ள வுடுவியாடா?" என்றேன், சிரிக்கிற மாதிரி.



"ஒனக்கு இன்னாணா, நீ ஃபாரின் பார்ட்டி. ஆபீஸ்ல சொன்னா பாஸ் போட்டுக் குடுப்பானுங்க. அம்மாவதான் வுட முடியாது."