ஜீவராணி ஆறு நாள் பிந்திப் பார்த்த நட்சத்திரம்

இலங்கையின் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஜீவராணிக்கு முப்பத்திரண்டு வயது. நேற்று இல்லாத தளிர் இன்று எட்டிப்பார்த்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை நம்பித்தான் தன்னார்வலர்களைத் தேடிய ஒரு வானியல் குழு இணையத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டது.

ஸ்பெயின் நாட்டுத் தொலைநோக்கி ஒன்று பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடாவைப் படமெடுக்கும். நமக்குக் காலை பத்து மணியாகும்போது படங்கள் அவள் ஃபோனில் இருக்கும். பழைய படத்தில் இல்லாத புள்ளி புதியதில் தெரிந்தால் அது நோவாவாக இருக்கலாம். திடீரென வெடித்து ஒளிர்ந்து, சில நாட்களில் மங்கிவிடும் நட்சத்திரம். முதலில் அறிவிப்பவரின் பெயர் கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் ஏறும்.

ஒரு மலையில் கொழுந்தெடுத்தால் ஏழு நாள் கழித்துத்தான் திரும்ப அங்கே போவார்கள். அந்தப் பழக்கத்தில் ஜீவராணி படங்களையும் ஞாயிறு தோறும்தான் பார்த்தாள். சென்ற ஐப்பசியில் ஒரு புள்ளி அகப்பட்டது. ஐயோ, திங்கட்கிழமைப் படத்திலேயே அது இருந்திருக்கிறது! புதன்கிழமையே இத்தாலிக்காரர் ஒருவர் அறிவித்துவிட்டார். அன்று அவளுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

அதன்பின் நிம்மதி ஏது? தேநீர் வேளையில் எல்லாரும் ரொட்டியைப் பிய்க்க, அவள் படத்தை உற்றுப் பார்த்தாள். தினமும்.

இந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழைத்தூறல். புள்ளி! கருவியின் பிழையா என்றறிய, ஒரு மணி நேரம் கழித்து எடுத்த அடுத்த படமும் வேண்டும். தானாக வராத அந்தப் பெரிய படத்தை இறக்கும் அளவுக்குச் சிக்னல் மலையுச்சியில்தான்.

"வினோதா, என் நெரையப் பாத்துக்கடி!" பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டு மேலே ஓடினாள்.

"அக்கா, கண்டாக்கு வர்றாரு!"

மேற்பார்க்கும் கண்டாக்கு கந்தப்பன் கீழிருந்து கத்தினார். "ஏ ஜீவராணி! கொழுந்து இங்க இருக்கு, மேல என்னாத்தப் பறிக்கப் போற?"

"நட்சத்திரம் வெடிச்சிருச்சுங்கய்யா!"

"எங்க, நம்ம டிவிஷன்லயா?"

பெண்கள் சிரித்தார்கள். அவள் வழுக்கி விழுந்து, முழங்கால் சிராய்த்து, மறுபடி ஏறினாள். யாராவது முந்திவிட்டால்? இன்னொரு வருடம் இந்த நெஞ்சு தாங்குமா?

இரண்டாவது படத்திலும் அதே இடத்தில் புள்ளி. ஈரவிரல் வழுக்க வழுக்க, இடத்தையும் நேரத்தையும் எழுதி அனுப்பினாள்.

இரண்டு நாள் அவள் அவளாகவே இல்லை. உலை பொங்கி அடுப்பணைந்தது. சட்டையை உட்புறம் வெளியாகப் போட்டுக்கொண்டாள். வியாழன் மதியம், கொழுந்து நிறுக்கும் இடத்தில், பதில் வந்தது. வேறு தொலைநோக்கியும் உறுதிசெய்துவிட்டது. முதல் பெயர் அவளுடையது.

"அப்ப அந்த நட்சத்திரம் ஒனக்கா அக்கா?" என்றாள் வினோதா.

"எனக்கில்லடி. மொதல்ல பாத்தது நான்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் உடைந்து அழுதாள்.