எங்க ஸ்கூலுக்கு மட்டும் ஏன் இடிச்ச கல்லு?

இந்தக் கட்டுரையை மூன்று மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும். நல்லவேளை, எழுதவில்லை!

எங்கள் நகரில் நீலசந்திரா என்ற பகுதியில் ஓர் அரசுப் பள்ளி. பழைய கட்டடம் ஒழுகுகிறது. ஒரே அறையில் இரண்டு வகுப்புகள். புதுக் கட்டடத்துக்கு டெண்டர் தயாரித்தவள் என் தோழி நிர்மலா, அரசு இன்ஜினீயர். அதில் புதிதாக ஒரு நிபந்தனை சேர்த்திருந்தாள். சுவருக்கு வைக்கும் கல், இடித்த கட்டடங்களின் கழிவை அரைத்துச் செய்ததாக இருக்க வேண்டும்.

நிர்மலாவின் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்திலிருந்து வந்த கழிவு மண் அங்கே குன்று குன்றாகக் கிடக்கிறது. "காத்தடிச்சா சோத்துல மண்ணு விழும்டி. இந்த ஊர்லயும் ஏரிக்கரை பூரா இடிச்ச செங்கல்லைக் கொட்டறாங்க. பார்த்துக்கிட்டு எப்படி இருக்கறது?" என்பாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனாள். மாதிரிக் கல்லை மேசைமேல் வைத்து, லேப் ரிப்போர்ட்டைக் காட்டி, அழகாகத்தான் விளக்கினாள்.

ஸ்டெல்லா என்று ஒரு அம்மா எழுந்தார். கட்டட வேலையில் சித்தாள். கல்லைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"கல்லு கெட்டியாத்தான் இருக்குது மேடம். ஒண்ணு கேக்கறேன், பேஜார் பண்ணிக்காதீங்க. உங்க ஆபீஸ் காம்பவுண்ட்லயும் புதுசா பில்டிங் கட்டப் போறாங்களாமே... அதுக்கும் இதே கல்லுதானா?"

நிர்மலா லேப் ரிப்போர்ட்டையே மறுபடி புரட்டினாள்.

"அப்போ எங்க ஸ்கூலுக்கு மட்டும் ஏன் இடிச்ச கல்லு?"

எனக்குக் கோபம் வந்தது. நல்லது செய்ய வந்தவளை இப்படியா மடக்குவது? மறுநாளே எழுத உட்கார்ந்தேன் — மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று. இரண்டு பத்திகூட எழுதிவிட்டேன்.

அப்போது நிர்மலாவின் போன்.

"அந்தம்மா கேட்டது நியாயம்டி. ஆபீஸ் டெண்டர்ல அந்த நிபந்தனையே இல்ல. நானும் யாரையும் கேக்கல. கேக்கணும்னு தோணவே இல்ல."

போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் என் வீட்டை இடித்துப் புதுப்பித்தபோது நான் மட்டும் எந்தக் கல்லைத் தேடிப் போனேன்? இடித்ததை லாரியில் ஏற்றி அனுப்பினேன். எங்கே போய்க் கொட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது. எழுதிய இரண்டு பத்தியையும் அழித்தேன்.

நிர்மலா மேலதிகாரியிடம் போனாள். "ஸ்கூல்ல முதல்ல ட்ரை பண்ணுவோம்மா. சரியா வந்தா நம்ம பில்டிங்குக்குப் பார்க்கலாம்" என்றார் அவர்.

"ட்ரை பண்ணிப் பார்க்க அவங்க பசங்கதானா கிடைச்சாங்க சார்?"

அதன்பிறகு அவளுக்கு நல்ல நாட்களே இல்லை. மீட்டிங்குகளுக்கு அழைப்பு வரவில்லை. ஃபைல் மேசை மேசையாக அலைந்தது. அதைவிட அவளை உறுத்தியது, பள்ளி வேலையும் சேர்ந்து தாமதமானதுதான். "நான் செய்யறது சரிதானா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

அவள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததில், ஒருவழியாகப் போன வாரம் இரண்டு டெண்டர்களும் வெளியாயின. இரண்டிலும் அதே நிபந்தனை, அதே வாசகம். பிரதி எடுத்துக்கொண்டு நிர்மலா நேராக நீலசந்திராவுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

கன்னடத்தில் இருந்த இரண்டையும் ஸ்டெல்லா எழுத்துக் கூட்டி, நிதானமாகப் படித்தார். அந்த வரி வந்ததும் விரலை வைத்து இன்னொரு முறை படித்தார்.

"சரி மேடம், கட்டுங்க" என்றார். பிறகு சிரித்தார். "உங்க ஆபீஸ் வேலைக்கு சித்தாள் வேணும்னா சொல்லி அனுப்புங்க. சுவரு எப்படி எழும்புதுன்னு நானே கூட இருந்து பார்க்கறேன்."

பூமிக்கு நல்லது என்று நாம் நம்புவதை, முதலில் நம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்வோமே!