அண்ணையின் கல்வெட்டும் ஒரு வீடியோ டெக்கும்

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் நான் எந்தப் பத்திரிகைக்கும் சம்பளக்காரனாக இருக்கவில்லை. கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். கட்டுரை, நாடகம் எல்லாம் பேருக்குத்தான். வீட்டில் அடுப்பு எரிந்தது கல்வெட்டால். செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். அதில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று ஆளுக்கொரு பாட்டு வேண்டும். முகம் தெரியாத விதவைகளுக்காக, பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டியுமாக இருந்து நான் எழுத்தில் கதறியிருக்கிறேன். கண் மட்டும் நனையவில்லை.

பிறகு, நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்துகொண்டிருந்த என் அண்ணை செத்துப்போனார். நெஞ்சு நோ வந்து. அந்த நாட்களில் அதை ஒருவரும் லேசில் நம்பவில்லை. ஷெல்லடியா, துவக்குச் சூடா என்று விசாரித்துவிட்டுத்தான் அழுதார்கள்.

அண்ணையின் மனைவி, என் மச்சாள், என்னிடம் ஒன்றுதான் கேட்டார். அவர்களுடைய ஒரே மகள் கலியாணம் முடித்துக் கனடா போனவள். செத்தவீட்டுக்கு வர முடியவில்லை.

"பிள்ளை தேப்பன்ரை முகம் பாக்கேல்லை. அவளின்ரை கையிலை கிடைக்கப்போறது இந்தப் புத்தகம் மட்டுந்தான், தம்பி. வடிவா எழுதும்."

அண்ணை வீட்டிலேயே தங்கி எழுதினேன். மற்றப் புலம்பல்கள் எல்லாம் வழக்கம்போல ஓடி வந்தன. சகோதரர் புலம்பல்தான் மிச்சம். 'அண்ணா' என்று எழுதுவேன்; பேனை அங்கேயே படுத்துவிடும். எனக்குப் பயம் பிடித்தது. பயந்த எழுத்தாளன் தகவல் தேடுவான். நானும் மகளின் கலியாண வீடியோவை டெக்கில் போட்டுக்கொண்டு ரீவிக்கு முன்னால் குந்திவிட்டேன்.

அந்த வீடியோவில் அண்ணை வருவதே கொஞ்சம். வருகிற இடத்திலெல்லாம் படத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருப்பார். வாழைக்குலையோடு குறுக்கே போவார். வெளிச்சத்துக்குக் கண்ணை மறைத்து, மற்றவர்களை எடு என்று கையைக் காட்டுவார். நான் திருப்பித் திருப்பிச் சுற்றிப் பார்த்தேன். கரண்ட் இருந்தால் ரீவி. கரண்ட் போனால், எழுதாமல், கரண்டுக்குக் காவல். அச்சகக்காரர் ஆள் அனுப்பினார். சோகம் இன்னும் பதத்துக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு காலை மச்சாள் வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"கண்ணைப் பாத்தால் குடிகாரன்ரை கண் மாதிரிக் கிடக்கு. எழும்பும். வாழை வாடுது. நான் மிசினைப் போடுறன், நீர் தண்ணியை மாறும்."

தப்பினேன் என்று மண்வெட்டியோடு இறங்கினேன். தண்ணி மாறுவதென்றால், மிசின் கிணற்றிலிருந்து இறைக்கும் தண்ணீரை ஒரு வாய்க்காலில் மறித்து மற்றதில் திருப்புவது, அவ்வளவுதான் வேலை. நான் மறித்த இடம் உடைந்தது. தண்ணீர் பக்கத்துத் தோட்டத்து வெங்காயத்தைப் பார்த்து ஓடியது. காலை வைத்து மறித்தேன். மண்வெட்டியை வைத்தேன். கடைசியில், என் உடம்புப் பாரம் உதவட்டும் என்று உடைப்பிலேயே குந்தினேன். தண்ணீர் என்னையும் சுற்றிக்கொண்டு போனது.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ!"

சின்ன வயதிலிருந்து மிசினடியில் நின்றவர் அவர்தான். வாய் தன்பாட்டில் கூப்பிட்டுவிட்டது. தண்ணீர் கொஞ்ச நேரம் வந்துகொண்டேயிருந்தது. பிறகு மிசின் சத்தம் நின்றது. மச்சாள் கிணற்றடியிலேயே நின்றார்; கிட்ட வரவில்லை. நான் சேற்றில் இருந்து அழுதேன். பக்கத்துத் தோட்டக்காரர் வந்து மண்வெட்டியை வாங்கி உடைப்பைக் கட்டினார்.

அன்று பின்னேரம் எழுதினேன். வாய்க்கால் உடைந்ததும் நான் கூப்பிட்டதும், அவ்வளவுதான். அதை வாசித்த அச்சகக்காரர், இது புலம்பலா, தோட்டத்துச் செய்தியா என்று கேட்டார். தாளை வாங்கிக்கொண்டு மச்சாளிடம் ஓடி, பிடிக்காவிட்டால் வேறு எழுதலாம் என்றேன்.

அவர் வாசித்துவிட்டுத் தாளை மடித்து என்னிடமே நீட்டினார்.

"மாத்தாதையும். பிள்ளையும் உதிலை நிண்டு தண்ணி மாறினவள். அவளும் உப்பிடித்தான், 'அப்பா, நிப்பாட்டுங்கோ' எண்டு கத்துவள். முதல் தரம் கூப்பிட்டதுக்கு அவர் ஒருநாளும் நிப்பாட்டினதில்லை."