மாலையைக் கழற்ற வைத்த பேன்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். வாயால் சொல்லவே கூசுகிற விஷயம். ஆனால் எங்கள் தீவில், நான் குடியிருக்கும் புரோத்ராபூரில் என் பெயரில் வேறொரு கதை ஓடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் சென்ட்ரிங் வேலை பார்க்கிறவன். கப்பலில் போகவேண்டிய கட்சால் தீவில் ஒரு கட்டடம் முடியும்வரை கூலிக்காரர்களுடைய ஷெட்டில் தங்கினேன். மழையில் என் போர்வை நனைந்துபோக, அங்கே கிடந்த யாருடையதையோ போர்த்திக்கொண்டேன். வீடு திரும்பிய அன்றே சபரிமலைக்கு மாலை போட்டேன். பிள்ளை வரம் கேட்டு நானும் மனைவியும் சேர்ந்து நேர்ந்துகொண்டது. மாலை போட்டால் ஷேவிங் கிடையாது, மனைவியோடு படுக்கையும் கிடையாது. வராந்தாவில் தனிப் பாய்.

கொஞ்ச நாளில் அரிப்பு. அடிவயிற்றுக்குக் கீழே ஆரம்பித்து நெஞ்சு, தாடி என்று ஏறியது. வெயிலில் பார்த்தால், முடியின் அடியைக் கவ்விக்கொண்டு நண்டுக்குஞ்சு மாதிரிப் பேன்.

ஆஸ்பத்திரிக்கு மனைவியும் வந்தாள். இது கூடப் படுக்கிறவர்களிடமிருந்து ஒட்டுவது, அவளுக்கும் மருந்து போடவேண்டும் என்றார் டாக்டர். விரதம், தனியாகப் படுக்கிறேன் என்றேன்.

"தோ கஹாங் ஸே லாயே, சுவாமிஜி?" எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று சிரித்தார்.

போர்வையைச் சொன்னேன். அப்படியும் வரலாம், அபூர்வம் என்றார். முடியை மழித்துவிடச் சொன்னார். பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

குருசாமியிடம் மறைக்காமல் சொன்னேன். கூட இருந்த ஒருவர், "கட்சால்ல சென்ட்ரிங் மட்டுமா அடிச்சாரு சாமி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குருசாமி சிரிக்கவில்லை.

"மழிச்சா விரதம் போச்சு. மழிக்காம வந்தா கப்பல்ல பக்கத்துல படுக்கிற சாமிக்கு ஏறும். கழட்டிடுப்பா."

அதுவரை என்னையும் சாமி என்றுதான் கூப்பிட்டவர்.

ஐயப்பன் படத்துக்கு முன்னால் கழற்றினேன். மனைவி பின்னால் நின்றாள்.

"அவர் முன்னாடி சொல்லுங்க. போர்வைதானா?"

"போர்வைதான். சத்தியமா."

"சரி. சோறு ஆறுது, வாங்க."

பேன் போய்விட்டது. அவள் பாய் உள்ளே, என் பாய் வராந்தாவில் என்பது மட்டும் மாறவில்லை. சமைக்கிறாள், என் காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கிறாள், விளக்கேற்றிக் கும்பிடுகிறாள். பிள்ளையைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. நடந்தது ஐயப்பனுக்குத் தெரியும். அவன் வாய் திறந்து அவளிடம் சொல்லமாட்டான்.

தெருவில் ஓடும் கதையில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு ஊரும் சேலை நிறமும்கூட வந்துவிட்டன. இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதானால், அந்தப் பெண்ணைச் சேர்க்காதீர்கள். என்னை நல்லவனாக்கவும் வேண்டாம். இருக்கிறபடியே சொல்லுங்கள். நான் சொல்லி என் மனைவி நம்பவில்லை. வேறொருவர் வாயிலிருந்து இதே மாதிரி கேட்டால் ஒருவேளை நம்புவாள்.