இருநூறு மீட்டருக்கு எத்தனை கிளிக்?

எங்கள் அம்மா துப்பாக்கி சுடுவார் என்று சொன்னால் ஆட்கள் இன்றும் முதலில் சிரிப்பார்கள். யோங் பெங் ஊரில் ரவிக்கை தைக்கிற பெண்ணுக்குத் துப்பாக்கி எதற்கு என்பார்கள். நான் வாதாடுவதில்லை. கூடத்தில் இருக்கும் கோப்பையைக் காட்டிவிட்டுத் தேத்தண்ணி கலக்கப் போய்விடுவேன்.

சின்னக் குண்டு போடும் ரைபிள் அது. நூறு, நூற்றைம்பது, இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் இரும்புத் தகடுகளை அடிக்க வேண்டும். ரைபிளும் குண்டும் பெக்கான் நானாஸ் ஊர்ப் பக்கம் துப்பாக்கி சுடும் கிளப்பில் பூட்டிக் கிடக்கும், வீட்டுக்கு வராது. வீட்டில் நடப்பது மற்ற ஆயத்தம். ரைபிளின் அடிக்கட்டைக்கு முட்டுக்கொடுக்கும் பையை அம்மாவே தைத்து, மூன்று தடவை கழுவிக் காயவைத்த மணலை நிரப்புவார். காற்று பார்க்க மிஞ்சிய ரவிக்கைத் துணியில் ரிப்பன் வெட்டிக் குச்சிகளில் கட்டுவார். முடிச்சுகளைச் சரிபார்ப்பது என் வேலை. அம்மா ஒரு தடவை பார்த்ததை நான் ஐந்து தடவை பார்ப்பேன். எது அவிழுமோ, எது தொலையுமோ என்று எந்நேரமும் கவலைப்படும் பிள்ளை நான்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டை. ஐம்பது மீட்டரைத் தாண்டினால், தூரம் கூடக்கூடக் குண்டு கீழே இறங்கும். அதற்கு ஈடாக ரைபிள் மேலிருக்கும் தொலைநோக்கியின் திருகை ‘டிக் டிக்’ என்று திருப்ப வேண்டும்; ஒரு ‘டிக்’தான் ஒரு கிளிக். எந்தத் தூரத்துக்கு எத்தனை கிளிக் என்று அம்மா பல மாதம் சுட்டுப் பார்த்து நோட்டில் குறித்திருந்தார். போட்டிக்கு அதை மார்க்கரால் அட்டையில் எழுதி மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்.

எனக்குப் பத்து வயதான வருடம், சரஸ்வதி பூசைக்கு மறுநாள் போட்டி. அப்பா லோரியைக் கழுவினார். அம்மா தையல் மெஷினைத் துடைத்தார். ரைபிள் பூசைக்கு வர முடியவில்லையே, சாமி அதை மறந்துவிட்டால்? அந்தக் கவலையில் மற்ற சாமான்களை எல்லாம் நானே துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அட்டையில் மட்டும் அழுக்கு போகவில்லை. அப்பாவின் பெயிண்ட் தின்னரைத் துணியில் தொட்டுத் தேய்த்தேன். அழுக்கோடு எண்களும் போய்விட்டன.

வாயைத் திறக்காமல் அட்டையைப் பையில் சொருகினேன். நோட்டாவது இருக்கிறதே என்று பார்த்தால், அது என் பள்ளிப் புத்தகங்களோடு சரஸ்வதி படத்தின் முன்னால், பூவுக்கு அடியில் இருந்தது. அதை வைத்ததும் நான்தான்.

போட்டி நாள் காலையில் கிளம்பும்போது அம்மா அட்டையை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

“அலமாக்! என்னடி இது, கடையில வாங்குன மாதிரி இருக்கு?”

“நான்தாம்மா தொடச்சேன். பூசைக்கு,” என்று அழுதேன்.

அம்மாவின் கை சாமி மேசைப் பக்கம் போனது. அப்பா குறுக்கே வந்து நின்றார்.

“வெச்ச புக்க எடுக்கக் கூடாது லா. ஒம்பது மணிக்குப் பூசை பண்ணிட்டுத்தான் எடுக்கணும்.”

“ஒம்பது மணிக்கு நான் அங்க குப்புறப் படுத்துச் சுட்டுக்கிட்டு இருப்பேங்க. எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு.”

“அப்ப சரஸ்வதியையே கேட்டுக்க.”

அம்மா சரஸ்வதியைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “நீதான் எந்நேரமும் முணுமுணுப்பியே. சொல்லுவியா?”

உண்மைதான். அட்டை தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் அந்த எண்களைக் குளிக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டாதவள், பின்னால் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள், அன்று காரில் உட்கார்ந்து கடகடவென்று ஒப்பித்தேன்.

“அம்பதுக்கு சைபர். நூறுக்கு இருபது. நூத்தம்பதுக்கு நாப்பத்தாறு. எரநூறுக்கு அறுபத்தாறு.”

அம்மா ஓட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். “நல்லா தெரியுமா?”

“தெரியும்மா.”

“அப்ப எழுது.” மார்க்கரால் அட்டையில் எழுதினேன்.

கிளப்பில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் அம்மாவிடம் நோட்டு எங்கே என்று கேட்டார். அம்மா என் தலையில் கை வைத்து, “இனி புக்கு சாயா,” என்றார். மலாயில், இதுதான் என் புத்தகம் என்று அர்த்தம். பெரியவர் எனக்கு இரண்டு கையாலும் சலாம் வைத்தார். அதற்குப் பிறகு நான் நடந்த நடையே வேறு.

ரிப்பன் குச்சிகளை வழியெல்லாம் நட்டு ஐந்து தடவை சரிபார்த்தேன். எல்லாம் அசையாமல் தொங்கின. நூறிலும் நூற்றைம்பதிலும் தகடுகள் ஒன்று விடாமல் ‘டிங்’ என்று பாடின. இருநூறில் முதல் குண்டு தகட்டுக்குக் கீழே மண்ணில் விழுந்து செம்புழுதி கிளம்பியது. அம்மா அட்டையைப் பார்க்காமலே திருகைத் திருப்பினார். பத்து ‘டிக்’ எண்ணினேன். மிச்ச நான்கும் ‘டிங்.’

ஒரே குண்டில் இரண்டாம் இடம் போய் மூன்றாம் இடம் வந்தது.

“காத்துடி. மொத குண்ட காத்து தள்ளிருச்சு,” என்று சொல்லிக் கோப்பையை என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், “இவ இல்லேன்னா இன்னிக்கு வெறுங்கைதான்,” என்றார். நான் ஒரு வாரம் அந்தக் கோப்பையில்தான் மைலோ குடித்தேன்.

இப்போது அம்மாவின் அட்டையை எழுதுவது நான். முதல் தடவை அந்தப் பழைய நோட்டைப் பிரித்தபோது, இருநூறுக்கு நேராக எழுபத்தாறு என்று இருந்தது. நான் சொன்னது அறுபத்தாறு. பத்து ‘டிக்’ எண்ணியவளும் நான்தான். ரிப்பன்கள் அசையாமல் தொங்கியதை ஐந்து தடவை பார்த்தவளும் நான்தான். ஆனாலும் நோட்டைப் பிரிக்கும் வரை, அன்று காற்று அடித்தது என்றே நம்பியிருந்தேன்.