இறங்க மறுத்த கதவு

பொத்தானை அழுத்திவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒதுங்கி நிற்கிறார் கெரிட் ஹூக்ஸெமா. கார் ஷெட்டின் அகலக் கதவு ஒரு விரற்கடை இறங்குகிறது, முனகுகிறது, திரும்ப மேலே போய்விடுகிறது. உத்தரத்தில் தொங்கும் மோட்டாரின் விளக்கு படபடவென்று மின்னி அணைகிறது. மிஷிகன் ஏரியிலிருந்து வரும் மார்ச் மாதக் காற்று உள்ளே புகுந்து பழைய செய்தித்தாள்களைப் புரட்டிப் பார்க்கிறது. அவர் முகத்தில் எரிச்சல் இல்லை. நோயாளியை இன்னொரு முறை இருமச் சொல்லிக் கேட்கும் மருத்துவரைப் போல, மறுபடியும் பொத்தானை அழுத்துகிறார்.

எண்பத்திரண்டு வயது. கார்களுக்குத் தகடு அடிக்கும் ஆலையில் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இப்போதும் ஒரு சிறு டார்ச்சும் பென்சிலும் இருக்கும். விருந்துக்குப் போனாலும் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சர்ச்சில் ஏணி போட்டு விளக்கு மாற்றுபவர்கள், அவர் தலை தெரிந்தால் இறங்கி வந்து ஏணியைச் சரியாகச் சாய்த்துக்கொண்டு மறுபடி ஏறுவார்கள். ஆலையில் இருந்தபோது, கோளாறான எந்திரத்தில் அவர் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டால், முதலாளியே வந்தாலும் அதை ஓட்ட முடியாது. அதே மாதிரி ஒரு சிவப்பு அட்டை இப்போது அவர் வீட்டுக் கதவின் பொத்தானுக்குக் கீழே தொங்குகிறது. ‘ஓட்டாதே’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

கதவின் இரு பக்கமும், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கும் கீழே, பக்கத்துக்கொரு சிறு கண் உண்டு. ஒன்று ஒளியை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் குழந்தையோ நாயோ நின்றால் கதவு இறங்காது. வாங்கும் கண்ணில் பச்சை விளக்கு எரிய வேண்டும். அது செத்துக் கிடக்கிறது. கதவு ஏறும், இறங்காது. அவ்வளவுதான் வியாதி.

அந்தத் தெருவில் திறந்து கிடக்கும் கார் ஷெட் என்பது ஆண்களுக்கு அழைப்பிதழ். எதிர் வீட்டு டுவேன், கையில் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றான்.

“என்ன பெருசு, இன்னும் வாயைப் பொளந்துகிட்டே நிக்குது?”

“கண்ணுக்கு உயிர் இல்ல.”

“பொத்தானை விடாம அமுக்கிப் பிடிங்க. கண்ணு செத்தாலும் கதவு இறங்கிடும். எங்க வீட்டுல ஒரு வருஷமா அப்படித்தான் ஓடுது.”

“அப்படித்தான் ஆலையில ஒருத்தன் தகடு அடிக்கிற பிரஸ்ஸோட கண்ணை மறைச்சு வச்சு ஓட்டினான். அவன் விரலைத் தகட்டுக் குப்பையில நான்தான் தேடி எடுத்தேன்.”

“இது வீட்டுக் கதவு, பெருசு.”

“விரலுக்கு அது தெரியுமா?”

டுவேன் காப்பியை உறிஞ்சினான். போன இலையுதிர் காலத்தில் அவன் வீட்டுத் தபால் பெட்டி கம்பத்தோடு சாய்ந்து கிடந்தது. பனி தள்ளும் வண்டி இடித்திருக்கும் என்றார் கெரிட். அப்போது பனி விழவே ஆரம்பிக்கவில்லை.

“அந்தச் சிவப்பு அட்டையைக் கதவுல மாட்டுனதுக்குப் பதிலா கார்ல மாட்டியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு டுவேன் தெருவைக் கடந்து போனான். கெரிட் காதில் விழாததுபோல் டார்ச்சைப் போட்டார்.

அந்தத் தபால் பெட்டி விஷயத்துக்குப் பிறகுதான் மகள் லின்னெட் கார்ச் சாவியைக் கேட்டாள். “அப்பா, நீங்க யாரையாவது இடிச்சுட்டு வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?” என்று அழுதுகூடப் பார்த்தாள். “டாக்டர் சொன்னா தரேன், நீ சொன்னா இல்ல” என்றார். டாக்டர் சொல்லவில்லை. சாவி அவர் பையிலேயே இருந்தது.

அந்தக் கார் அவருக்கு ஒரே ஒரு இடத்துக்குப் போகத்தான் வேண்டும். மனைவி வில்மா இடுப்பு எலும்பு முறிந்து, ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வாரத்தில் மூன்று மத்தியானங்கள் தானே ஓட்டிக்கொண்டு போய், அவளோடு சாப்பிட்டு, சீட்டாடி, அந்த இல்லத்து சூப்பை இருவருமாகத் திட்டிவிட்டு வருவார். கதவு மக்கர் பண்ணத் தொடங்கியதிலிருந்து அது நின்றுபோயிற்று. ஷெட்டை அப்படியே திறந்து போட்டுவிட்டு அவர் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டார். செத்த கண்ணை ஏமாற்றிக் கதவை இறக்கவும் மாட்டார். லின்னெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஒழியும்.

ஆலையில் கற்ற முறைதான் வீட்டிலும். ஒரு நாளைக்கு ஒரு சந்தேகம். அது தீராமல் அடுத்ததைத் தொட மாட்டார். முதலில் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். அடுத்து, இரு கண்களும் நேருக்கு நேர் பார்க்கின்றனவா என்று நூல் பிடித்தார். சாயங்கால வெயில் கண்ணைக் குருடாக்குகிறதோ என்று அட்டையில் குழல் சுருட்டி மாட்டிப் பார்த்தார். மோட்டார்ப் பக்கத்து இணைப்பைக் கழற்றிச் சுரண்டி மாட்டினார். முழங்கால் மடங்காததால் கீழே உட்கார ஒரு பால் பெட்டி, எழுந்திருக்க ஒரு மண்வெட்டி. கடைசியில் மிச்சமிருந்தது ஒயர் ஒன்றுதான்.

கண்ணிலிருந்து கிளம்பும் மெல்லிய வெள்ளை ஒயர் சுவரோடு ஏறி, அலமாரிக்குப் பின்னால் மறைகிறது. அலமாரியில் பெயின்ட் டப்பாக்கள், கிறிஸ்துமஸ் பெட்டி, ஈஸ்டர் பெட்டி. ஈஸ்டர் பெட்டியை நகர்த்தியதும் தெரிந்தது. ஒயர் அறுந்திருந்தது.

எலியென்றால் பற்குறி இருக்கும், கடித்துத் துப்பிய தூள் இருக்கும், புழுக்கை இருக்கும். கெரிட் டார்ச்சைக் கிட்டே பிடித்தார். ஒரு முனையில் சின்னதாக ஒரு தடம்: கத்தரி வைத்து அழுத்தி, வெட்டுப்படாமல் வழுக்கியது. அதற்குப் பக்கத்தில் சாய்வான, சுத்தமான வெட்டு. நகம் வெட்டும் கத்தரி. இரண்டு முனைகளையும் யாரோ பொறுப்பாகச் சுவரோடு மடித்துவிட்டுப் பெட்டியை முன்போலவே தள்ளி வைத்திருந்தார்கள். கதவு மக்கர் பண்ணுவதற்கு முந்தின நாள், ஈஸ்டர் பெட்டியிலிருந்து முட்டைக் கூடையை எடுக்க வந்தவள் லின்னெட்.

அவர் டார்ச்சைப் பையில் போட்டார். பிறகு முனைகளைச் சீவி, முறுக்கி, மூடி போட்டு இறுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. காலி அட்டைப் பெட்டி ஒன்றைக் கதவுக்கு நடுவில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். கதவு இறங்க மறுத்தது. பெட்டியை எடுத்தார். கதவு நல்ல பிள்ளையாகத் தரை வரை இறங்கியது. சிவப்பு அட்டையைக் கழற்ற அவர் கை நீண்டது, பாதியில் நின்றது. அட்டை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஏனென்றால் ஒரு சந்தேகம் இன்னும் மிச்சமிருந்தது. லின்னெட்டுக்குப் பேட்டரிகூட மாற்றத் தெரியாது. மோட்டார் ஒயரைக் கண்டபடி வெட்டியிருந்தால் புரிந்துகொள்ளலாம். சரியாக இந்த ஒயரை, இது ஒன்றை மட்டும் வெட்ட வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது?

அன்று சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

“கதவு சரியாச்சாப்பா?”

“இல்ல.”

“எலியா இருக்கும்பா. அங்க நிறைய எலி.”

“இருக்கும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து லின்னெட்டின் காரில் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார். வழி முழுக்க அவள் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவரை உள்ளே விட்டுவிட்டு அவள் காப்பி வாங்கப் போனாள்.

வில்மா ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். முடிச்சு விழுந்த விரல்களை மடியில் வைத்திருந்தாள்.

“கதவு இன்னும் மக்கர்தானா?”

“ஆமா.”

“விடு. ஞாயித்துக்கிழமைதான் அவ கூட்டிட்டு வர்றாளே, அது போதும். பச்சை எரியாம நீ அந்தக் கதவை இறக்கவே மாட்ட. உன்னை எனக்குத் தெரியாதா?”

அவளிடமும் சரி, மகளிடமும் சரி, கதவு கெட்டுவிட்டது என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“எந்தப் பச்சை, வில்மா?”

அவள் மடியிலிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.

“ஏதோ ஒண்ணு. நீ எப்பவும் சொல்லுவியே.”

வெளியே யாரோ காரைப் பின்னால் எடுக்கும் சத்தம். கெரிட் கோட்டுப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்தார். அவள் விரல்களால் உரிக்க முடியாது. எப்போதும் அவர்தான் உரித்து, நாரெல்லாம் எடுத்து, ஒவ்வொரு சுளையாகக் கொடுப்பார். இன்றும் தோல் ஒரே துண்டாக வரும்படி நிதானமாக உரித்தார். நாரை எடுத்தார். வில்மா வழக்கம்போலக் கையை நீட்டினாள். அவர் முதல் சுளையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அடுத்ததையும். அவள் கையை மடக்கவில்லை. அவரும் அவசரப்படவில்லை. கடைசிச் சுளையை விழுங்கிய பிறகு, விரிந்திருந்த அந்த உள்ளங்கையில் தோலை வைத்தார்.